எச்சம் விழாத கிளை

பெரிய ஏரியின் வடகரையைக் கொக்குகள் ஆண்டன. தென்கரையை நாரைகள் ஆண்டன. இரண்டு கரையிலும் மீன் விரட்டிக் கொடுத்தவை நீர்க்காக்கைகள்.

கொக்குக்கும் நாரைக்கும் காலளவு தண்ணீரில்தான் வீரம். மார்பு நனைந்தால் ஓட்டம் பிடித்துவிடும். ஆழத்தில் கிடக்கிற மீனை ஓரத்துக்குக் கொண்டுவர முங்கத் தெரிந்த பறவை வேண்டும். நீர்க்காக்கைகள் கூட்டமாக முங்கி, அரைவட்டமாக வளைத்து, மீனைத் தள்ளிக்கொண்டு வரும். ஓரத்தில் ஒற்றைக் காலில் தவம் நிற்கும் பெரியவர்கள் கொத்திக் கொத்தி விழுங்குவார்கள். அவர்கள் வயிறு நிறைந்து ஏப்பம் விட்ட பிறகு ஏதாவது மிஞ்சினால், அது முங்கினவர்களுக்கு. இதற்குப் பெயர் ஏரி நியாயம்!

வடகரையில் தண்ணீருக்குள்ளேயே ஒரு பெரிய நீர்மருத மரம் நின்றது. மேல் கிளைகள் கொக்குகளுக்கு. நடுக்கிளைகளும் கொக்குகளுக்கு. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த அடிக்கிளைகள் நீர்க்காக்கைகளுக்கு. மேலே இருப்பவர் எச்சமிட்டால் எங்கே விழும்? கீழே இருப்பவர் தலையில்தான் விழும். விடிந்ததிலிருந்து அடைகிற வரை விழுந்துகொண்டே இருந்தது. இட்டவர்களே பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இந்தக் கறுப்புச் சனத்துக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது. நாத்தம் குடலைப் புடுங்குது!" என்றார்கள்.

அந்த அடிக்கிளையில்தான் இருளாயி என்கிற நீர்க்காக்கை கூடு கட்டியிருந்தாள். மூன்று குஞ்சுகள். புருஷன் இல்லை. அவன் போன கதையைச் சொன்னால் வயிறு எரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நீர்க்காக்கையின் சிறகில் தண்ணீர் ஊறிவிடும். முங்கி எழுந்ததும் சிறகை விரித்து வெயிலில் காயவைத்தால்தான் அதனால் நன்றாகப் பறக்க முடியும். வடகரையிலோ, கொக்குக்கு எதிரில் நீர்க்காக்கை சிறகை விரிக்கக் கூடாது. விரித்தால், "யார் முன்னாடி நெஞ்சை விரிக்கிற?" என்று கொத்து விழும். பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்து போகிற வரை ஈரச் சிறகை ஒடுக்கிக்கொண்டு குறுகி நிற்க வேண்டும். இருளாயியின் புருஷனும் ஒருநாள் அப்படிக் கரையில் குறுகி நின்றான். கொக்குகள் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து நரி வந்தது. கொக்குகள் பறந்துவிட்டன. அவனால் பறக்க முடியவில்லை. அவனைக் கொன்றது அந்த மரியாதைதான். நரி பேருக்கு வந்தது.

இருளாயிக்குப் பேராசை ஒன்றும் கிடையாது. தன் குஞ்சுகளுக்கு எச்சம் விழாத ஒரு கிளை வேண்டும். அவ்வளவுதான். கடைக்குட்டிக்கு ஒரு கண் எச்சம் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அலகில் தண்ணீர் மொண்டு வந்து கழுவுவாள். கண் திறக்கும். "அம்மா, தெரியுதும்மா!" என்று அது குதிக்கும். மேலிருந்து மறுபடியும் சொத்தென்று ஒன்று விழும். கண் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கோடையில் மழை இல்லை. ஏரி சுருங்கிச் சுருங்கி உள்ளே போனது; மருத மரத்தடியில் முங்குகிற அளவுக்குத்தான் தண்ணீர் மிஞ்சியது. மீன்கள் எல்லாம் ஏரியின் நடுவில் இருந்த மடுவுக்குள் இறங்கிவிட்டன. மடு என்றால் அடி காண முடியாத ஆழம். அதன் நடுவே கருவேல மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு. இத்தனை காலமும் யாரும் சீந்தாமல் கிடந்த மடுவுக்கு ஒரே நாளில் இரண்டு சொந்தக்காரர்கள் முளைத்தார்கள்.

"மடு எங்கள் முப்பாட்டன் சொத்து!" என்றன கொக்குகள்.

"உங்கள் முப்பாட்டனுக்கு நீச்சலே தெரியாது. மடு எங்களுடையது!" என்றன நாரைகள்.

போர் மூண்டது. அலகாலே குத்திக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் இறகு உதிர்ந்தது, உயிரும் உதிர்ந்தது. மடு அசையாமல் கிடந்தது. மடுவில் மீன் வேண்டுமென்றால் முங்க வேண்டும். எந்தக் கரையில் நீர்க்காக்கை அதிகமோ அந்தக் கரைக்குத்தான் மடு. இது ஏரித் தவளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு. பெரியவர்களுக்குப் பல உயிர் போன பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் அலகுச் சண்டை குறைந்தது. வாய்ச் சண்டை தொடங்கியது.

கொக்குகளின் மந்திரி வெண்சாமரம் மருத மரத்தின் உச்சியில் ஏறி நின்று முழங்கினார். "வடகரைச் சொந்தங்களே! நாரையின் முகம் ஏன் சிவந்திருக்கிறது தெரியுமா? பிறந்த குஞ்சின் ரத்தத்தைக் குடித்துக் குடித்துச் சிவந்தது! அது பறவையே அல்ல! கொடுமை அதன் பிறப்பிலேயே இருக்கிறது!"

நாரைகளின் மந்திரி செம்முகன் தென்கரை இலுப்பை மரத்தில் நின்று முழங்கினார். "தென்கரை மக்களே! கொக்கு ஏன் வெளுத்திருக்கிறது தெரியுமா? அதன் உடம்பில் ரத்தமே இல்லை! நடமாடும் பிணங்கள்! பிணத்துக்கு இரக்கம் ஏது?"

போன மழைக்காலம்தான் இந்த இரண்டு மந்திரிகளும் ஒரே வயலில், ஒரே வரப்பில் நின்று நத்தை பொறுக்கினார்கள். அன்றும் நாரை முகம் சிவப்புத்தான். அன்றும் கொக்கு வெள்ளைதான். அப்போது யாருக்கும் ரத்த வாடை அடிக்கவில்லை, பிண வாடையும் அடிக்கவில்லை. மீன் குறைந்ததும் மூக்கு கூர்மையாகிவிட்டது!

ஒருநாள் காலையில் வெண்சாமரம் அடிக்கிளைக்கு இறங்கி வந்தார். அவர் பிறந்ததிலிருந்து அங்கே இறங்கியதில்லை.

"அம்மா இருளாயி!" என்றார்.

இருளாயி பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. "யாரைக் கூப்பிடுறீங்க, சாமி?"

"உன்னைத்தாம்மா! நாம எல்லாம் ஒரே மரத்துப் பறவை இல்லையா?"

"நேத்து வரைக்கும் 'ஏய் கருப்பி'ன்னுதானே கூப்பிட்டீங்க?"

"அதெல்லாம் அப்போ. இப்போ நாடு ஆபத்துல இருக்கு."

வெண்சாமரம் ஒரு காலை மட்டும் கிளையில் ஊன்றி, இன்னொரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கொக்குக்கு அது வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கால் வழக்கத்துக்குத் தூக்கியதல்ல, அருவருப்புக்குத் தூக்கியது. அது இருளாயிக்குப் புரிந்தது.

"உன் தங்கச்சி சடச்சி தென்கரையில வாக்கப்பட்டிருக்காளாமே? அங்க உங்க சனத்தை மரத்துலயே ஏற விடுறதில்லையாம். கோரைப்புல்லுக்குள்ள, வெறுந்தரையில கூடு. பாம்பும் கீரியும் வந்து முட்டையைத் தின்னுட்டுப் போகுதாம். இது நெஜமா, பொய்யா?"

"நெஜம்தான், சாமி."

"அந்த அநியாயத்தை உரக்கச் சொல்லு! தினமும் காலையில கரையில இருக்குற பனங்கட்டையில ஏறி நின்னு சொல்லு. 'நாரைக்கு முங்காதீங்க, இங்க வாங்க, இங்க மரத்துல கூடு இருக்கு'ன்னு உன் சனத்தைக் கூப்பிடு. நான் கூப்பிட்டா நம்புவாங்களா? நீ கூப்பிட்டா நம்புவாங்க."

"இந்த மரத்துல நடக்குறதையும் சேத்துச் சொல்லணுமா?"

வெண்சாமரத்தின் கழுத்து விறைத்தது. பிறகு அதை மெல்ல வளைத்து இனிக்க இனிக்கப் பேசினார். "அதெல்லாம் நம்ம வீட்டு விசயம்மா. வீட்டு விசயத்தை வீதியில பேசலாமா? நீ பொய்யே சொல்ல வேணாம். எனக்குப் பொய்யே புடிக்காது. அவங்களைப் பத்தின உண்மையை மட்டும் சொல்லு. போதும்."

இருளாயி கடைக்குட்டியைப் பார்த்தாள். அது ஒற்றைக் கண்ணால் மந்திரியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு மேல் கிளையில ஒரு எடம் வேணும், சாமி. எம்புள்ளைங்களுக்கு."

"இதெல்லாம் கேக்கணுமா? தந்தாச்சுன்னு வச்சுக்க!"

இருளாயி சரி என்றாள். அவளைக் குறை சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்த அடிக்கிளையில் குஞ்சு வளர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

மறுநாள் காலையில் அவள் பனங்கட்டையில் ஏறித் தொண்டை கிழியக் கூவினாள். "தென்கரையில இருக்குற எஞ்சனமே! எத்தனை நாளைக்குத் தரையில கெடப்பீங்க? உங்க முட்டையைக் கீரி தின்னுது. நாரை மேல ஒக்காந்து வேடிக்கை பாக்குது. அவங்களுக்கு எதுக்கு முங்குறீங்க? இங்க வாங்க! இங்க மரத்துல கூடு!"

பிறகு தென்கரைப் பாறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா! நான் சடச்சி பேசுறேன்!"

இருளாயி வருசக்கணக்கில் கேட்காத குரல்.

"அக்கா! அங்க சிறகை விரிக்க விடமாட்டாங்களாமே! மாமாவை அப்படித்தானே நரி தூக்கிட்டுப் போச்சு? அந்த வெள்ளைப் பிணங்களுக்கு எதுக்கு முங்குற? உன் சனத்தைக் கூட்டிக்கிட்டு இங்க வா! இங்க எம்புட்டு நேரம் வேணும்னாலும் சிறகை விரிச்சு நிக்கலாம்!"

செம்முகன் மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் ஒரு குரலைப் பிடித்துவிட்டார். அவளுக்கும் ஏதோ ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருப்பார்.

அன்றுமுதல் காலை தோறும் இதுதான் நடந்தது. அக்காளும் தங்கையும் ஏரிக்கு இரண்டு பக்கமும் நின்று கூவினார்கள். அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. தங்கை அப்போது சொன்னது அத்தனையும் உண்மை. அவரவர் தலையில் விழுவதை மட்டும் இருவரும் சொல்லவில்லை.

இந்த மந்திரிகளின் கண்ணீர் இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. "அந்தோ! தென்கரையில் நம் கறுப்புச் சகோதரர்கள் தரையில் கிடந்து வாடுகிறார்களே! என் நெஞ்சு பொறுக்கவில்லையே!" என்று வெண்சாமரம் உச்சிக் கிளையில் நின்று தேம்பினார். தேம்பிக்கொண்டே எச்சமிட்டார். அது நேரே இறங்கி இருளாயியின் கூட்டில் விழுந்தது.

"சாமி, அந்த மேல் கிளை..." என்று அவள் கேட்டாள்.

"அங்க காவல் கொக்குங்க நிக்குதும்மா. போர்க்காலம் இல்லையா? போர் முடியட்டும்."

"கடைக்குட்டிக்குக் கண்ணு தெரியல, சாமி. இன்னொரு கண்ணும் ஒட்டுது."

"நாட்டுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கம்மா. இனிமே உனக்கு 'ஏரிக்குரல்'னு பட்டம். சந்தோசமா?"

பட்டத்தை வைத்து எச்சத்தைத் துடைக்க முடியுமா? ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். இவர்கள் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தார்கள்.

அடிக்கிளைச் சனமும் இருளாயியை விட்டு விலகியது. அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். "மந்திரியோட வாய் வந்துட்டா. நம்ம வாயைப் பொத்துங்க!" என்பான் பக்கத்துக் கூட்டுக் கட்டையன். அவர்கள் இருளாயியின் கூவலைக் கேட்கவில்லை. எதிர்க்கரையிலிருந்து வந்த சடச்சியின் கூவலைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். சிறகை விரிக்கலாமாம்! எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்!

தென்கரைக் கோரைப்புல்லிலும் இதே கதைதான். அங்கே அவர்கள் இருளாயியின் கூவலுக்குக் காது கொடுத்தார்கள். மரத்தில் கூடாம்!

ஒரு காலையில் கடைக்குட்டி வாயைத் திறக்கவில்லை. இருளாயி தண்ணீர் மொண்டு வந்து இரண்டு கண்ணையும் கழுவினாள். கண்கள் திறந்தன. உள்ளே பார்வையும் இல்லை, உயிரும் இல்லை. உடம்பெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் எச்சம் காய்ந்து கிடந்தது. அண்ணன்கள் இருவரும் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

இருளாயி அழவில்லை.

வெண்சாமரம் இறங்கி வந்தார். பார்த்தார். அவர் கண் ஒரு கணம் மின்னியது.

"அடடா! பாவம்! பாவம்!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இருளாயி, இதை வீணாக்கிறக் கூடாது."

"எதை, சாமி?"

"இந்தச் சாவை. இன்னைக்குக் கட்டையில ஏறி, 'பாவி நாரை எம்புள்ளையைக் குத்திக் கொன்னுட்டான்'னு சொல்லு. பெத்தவ நீ சொன்னா தென்கரைச் சனம் மொத்தமும் கொதிச்சு எழுந்து வந்துரும். மடு நமக்குத்தான்!"

"உங்களுக்குப் பொய் புடிக்காதுன்னு சொன்னீங்களே?"

"இதுல என்ன பொய் இருக்கு? நாரை குத்தல, சரி. ஆனா குத்தக் கூடியவன்தானே!"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பனங்கட்டைக்குப் பறந்து போனாள். வெண்சாமரம் பின்னாலேயே வந்து கரையில் நின்றுகொண்டார்.

கட்டையில் ஏறிப் பார்த்தால் ஏரியில் ஒரு காட்சி! தென்கரையிலிருந்து கோரைக்காரர்கள் கூட்டமாக மடுவை நோக்கி நீந்தி வந்துகொண்டிருந்தார்கள். வடகரையிலிருந்து கட்டையனும் அடிக்கிளைச் சனமும் மடுவை நோக்கி நீந்திப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கிளம்பியிருந்தார்கள். மந்திரியின் வாயிடம் யார் சொல்வார்கள்?

இரண்டு கூட்டமும் நடுமடுவில் முட்டிக்கொண்டன.

"எங்க போறீங்க?" என்றான் கட்டையன்.

"உங்க கரைக்குத்தான்! மரத்துல கூடு தர்றாங்களாமே!" என்றார்கள் கோரைக்காரர்கள். "ஆமா, நீங்க எங்க போறீங்க?"

"உங்க கரைக்கு! சிறகை விரிக்கலாமாமே!"

"விரிக்கலாம். விரிச்சுக்கிட்டே நிக்கிறப்ப பின்னாடி கீரி முட்டையைத் தின்னுட்டுப் போகும். மரத்துல ஏறினா நாரை கொத்தித் தள்ளிருவான்."

"எங்களுக்கு மரத்துல கூடு உண்டு. மேல இருக்கவன் நாள் முழுக்க எங்க தலையிலதான் எச்சமிடுவான்."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தனுக்குச் சிரிப்பு வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. அத்தனை கழுத்துகளும் ஒரே நேரத்தில் திரும்பின. பாதி பனங்கட்டையைப் பார்த்தன, பாதி தென்கரைப் பாறையைப் பார்த்தன.

"ஏ இருளாயி! ஏ சடச்சி! ரெண்டு பேரும் பொய்யா சொன்னீங்க?"

கரையில் நின்ற வெண்சாமரம் பல்லைக் கடிக்காத குறையாகச் சீறினார். "சொல்லு! நாரை குத்திச்சுன்னு சொல்லு! இன்னும் ரெண்டு குஞ்சு எங்க மரத்துலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

அப்போதுதான் இருளாயிக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. புருஷனை நரியிடம் விட்ட நாளிலிருந்து ஒடுக்கி ஒடுக்கி வைத்திருந்த கோபம். அவள் மருத மரத்தின் பக்கம் திரும்பி ஒரே கத்தாகக் கத்தினாள்.

"மக்கா! முங்குங்கடா!"

நீர்க்காக்கைக் குஞ்சுக்குப் பறக்கத் தெரிவதற்கு முன்பே முங்கத் தெரியும். இரண்டு குஞ்சுகளும் அடிக்கிளையிலிருந்து பொத்துப் பொத்தென்று தண்ணீரில் விழுந்தன. காவல் கொக்குகள் பாய்ந்து வந்து கொத்தின. அலகில் தண்ணீர்தான் அகப்பட்டது. குஞ்சுகள் தூரத்தில் தலை தூக்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் முங்கின. மடுவில் இருந்தவர்கள் எதிர்கொண்டு போய் அவர்களை நடுவில் விட்டு வளைத்துக்கொண்டார்கள்.

இருளாயி ஏரியின் பக்கம் திரும்பினாள்.

"கேளுங்க! நான் சொன்னது பொய் இல்லை. முழுசாச் சொல்லாம விட்டேன். அதுதான் நான் செஞ்ச பாவம். என் கடைக்குட்டி இன்னைக்குச் செத்துப்போச்சு. நாரை குத்திச் செத்துச்சுன்னு சொல்லச் சொல்றாங்க. நாரை குத்தல! கொக்கு எச்சம் கொன்னுச்சு! என் மகன் பொணத்தைக்கூட ஈட்டியாக்கி எறியப் பாக்குறாங்க! இங்க வராதீங்க!"

பாறையிலிருந்து சடச்சியின் குரல் உடைந்து வந்தது. "அக்கா! என் முட்டைகளைக் கீரி தின்னுச்சு. கொக்கு வந்து உடைச்சுதுன்னு சொல்லுன்னாங்க. நேத்து நான் சொல்லிட்டேனேக்கா! அவங்க சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேனே! நீங்க யாரும் இங்க வராதீங்க!"

"அந்தப் பாறையை விட்டு எறங்கி வாடி!" என்றாள் இருளாயி.

அக்காள் வடக்கிலிருந்து முங்கினாள். தங்கை தெற்கிலிருந்து முங்கினாள். இருவரும் மடுவின் நடுவில் கருவேலந்திட்டில் ஏறினார்கள். மற்றவர்களும் பின்னாலேயே ஏறினார்கள். கருவேல மரம் உயரமாக வளராது, தாழ்ந்து படர்ந்து கிடக்கும். முள் குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மட்டத்தில் உட்கார்ந்து சிறகை விரித்தார்கள்.

வடகரையில் கொக்குகள் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றன. மீன் வரவில்லை. தென்கரையில் நாரைகள் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. மீன் வரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இத்தனை உயிரைத் தின்ற போர், குஞ்சின் ரத்தம் குடித்த முகத்துக்கும் நடமாடும் பிணத்துக்கும் நடந்த மகா யுத்தம், அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது! வெண்சாமரமும் செம்முகனும் கரையில் சந்தித்துக் கழுத்தோடு கழுத்து உரசிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, உங்க முகம் என்ன களை! செந்தாமரை கெட்டுது!" என்றார் வெண்சாமரம்.

"தம்பி, உங்க வெண்மை இருக்கே, மல்லிகைப்பூ தோத்துது!" என்றார் செம்முகன்.

மறுநாள் இரண்டு கரையிலும் ஒரே முழக்கம். "பறவைகளே! கறுப்பர்கள் ஏரியைத் திருடிவிட்டார்கள்! அவர்கள் உடம்பு ஏன் கறுத்திருக்கிறது தெரியுமா? உள்ளே இருக்கும் நஞ்சு வெளியே தெரிகிறது! திருட்டு அவர்கள் பிறப்பிலேயே இருக்கிறது!" நாரைக்கென்று செய்த வசவையும் கொக்குக்கென்று செய்த வசவையும் சேர்த்து முடிந்து நீர்க்காக்கையின் தலையில் கட்டிவிட்டார்கள். புதிதாக யோசிக்கும் சிரமம்கூட அவர்களுக்கு இல்லை.

முழக்கத்தால் வயிறு நிறையுமா? வயலில் நத்தையும் தீர்ந்தது. ஒருநாள் இரண்டு மந்திரிகளும் ஜோடியாக வந்து, மார்பு நனையாத எல்லையில் நின்றார்கள்.

"அம்மா இருளாயி!" என்று வெண்சாமரம் கூப்பிட்டார். "நடந்தது நடந்துபோச்சு. போர்தான் முடிஞ்சுபோச்சே! நான் சொன்ன சொல்லைக் காப்பாத்த வந்திருக்கேன். மேல் கிளை உனக்குத்தான். சும்மா மேல் கிளை இல்லை, உச்சிக் கிளை! உன் வடகரைச் சனம் அத்தனைக்கும் நடுக்கிளை. தென்கரை ஆளுங்களை எங்க அண்ணாச்சி விட்டுக்கொடுத்துட்டார். அவங்க அடிக்கிளைக்கு வரட்டும். தரையில கெடந்தவங்களுக்கு அதுவே மாளிகை!"

திட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஏற்கெனவே அடிக்கிளைக்காரர்களில் சிலர், கோரைக்காரர்கள் மேல் சேற்று நாற்றம் அடிக்கிறது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கட்டையன் இருளாயியின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். "அக்கா, அவர் சொல்றதுலயும் நாயம் இருக்கு. கோரைக்காரங்க தரையிலயே கெடந்து பழகினவங்கதானே? அடிக்கிளையே அவங்களுக்குப் பெருசுக்கா. உம்புள்ளைங்க ரெண்டும் சுத்தமா வளரும். நாம போயிருவமா?"

அவன் முடிப்பதற்குள் இருளாயி அவன் மண்டையில் ஓங்கிக் கொத்தினாள்.

"உச்சிக் கிளையில எம்புள்ளை எச்சமிட்டா அது எங்கடா விழும்?"

கட்டையன் தலையைத் தேய்த்துக்கொண்டான்.

"வாயைத் தொறந்து சொல்லு! எங்க விழும்? என் கடைக்குட்டி கண்ணுல விழுந்துச்சு. இனி எவ கடைக்குட்டி கண்ணுல விழணும்? இந்தா நிக்கிறாளே என் தங்கச்சி, இவ பெக்கப்போற புள்ளை கண்ணுலயா?"

கட்டையன் சடச்சியைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். முணுமுணுத்தவர்களும் அப்படித்தான்.

இருளாயி மந்திரிகளின் பக்கம் திரும்பினாள். இந்த முறை அவள் வாயில் 'சாமி' வரவில்லை.

"ஏரி எல்லாருக்கும் பொதுதான். மீனும் பொதுதான். பசிச்சா முங்கிப் பழகுங்க! போங்க!"

பகைவன் வீட்டுக் கொடுமையைக் கூரை ஏறிக் கூவுகிறவன் உனக்காக அழவில்லை; தன் வீட்டுக் கொடுமை உன் காதில் விழக் கூடாதென்றுதான் அவ்வளவு உரக்கக் கூவுகிறான்.